கடத்தூரில் அளந்த கடல்

கடல் ஆராய்ச்சிக்காரனுக்கு உப்புக்காற்று ஒரு மாதத்தில் பழகிவிடும், ஊருக்கு வந்து அதைப் பற்றிப் பேசுவதுதான் சாகும்வரை பழகாது. பி.எச்டி. என்று போய் மாட்டிக்கொண்ட புண்ணியவான்களே, என் மானம் போன கதையையும் கொஞ்சம் கேளுங்கள். எண்பதுகளில், கடல் வருஷா வருஷம் சூடாகிறதா என்று பார்க்கப் போனவன் நான். தினமும் காலை ஆறு மணிக்குத் துறைமுகப் பாலத்தில் நின்று வாளியை இறக்கி, தண்ணீர் மொண்டு, தெர்மாமீட்டரை விட்டு, நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லை.

பெண் பார்க்கப் போன இடத்தில்

நல்லம்பள்ளியில் பெண் பார்க்கப் போனோம். என் படிப்பைப் பற்றி அப்பா அளந்துவிட்டதைக் கேட்டு, பெண்ணின் பெரியப்பா தன் காட்டில் எந்த மூலையில் போர் போட்டால் தண்ணீர் வரும் என்று என்னைக் கேட்டார். "அது தெரியாதுங்க" என்றேன். மீன் எங்கே அதிகம் கிடைக்கும் என்று கேட்டார். அதுவும் தெரியாது. வாளி, தெர்மாமீட்டர் எல்லாம் விளக்கி முடித்தபோது ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணே கேட்டாள்: "அவருக்கு நீச்சலாச்சும் தெரியுங்களா?"

தங்கச்சி கல்யாணம்

நீச்சல் தெரியாது என்று தெரிந்தும் அந்தப் பெண், செல்வி, என்னைக் கட்டிக்கொண்டாள், மகராசி. அடுத்த வருஷம் எங்கள் ஊர் கடத்தூரில் என் தங்கச்சி கல்யாணம். என் கைடு வடக்கே போயிருந்த தைரியத்தில், சொல்லாமல் இரண்டு நாள் என்று வந்தவன் பந்தல், விருந்து, மறுவீடு என்று ஆறு நாள் தங்கிவிட்டேன். ஒரு நாள் விட்டாலும் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்று சொல்லி வைத்திருந்தார் அவர். பயம் பிடித்துக்கொண்டது. கிளம்புகிற அன்றைக்குக் கட்டிலில் உட்கார்ந்து, இருபத்தெட்டு புள்ளி நாலு, இருபத்தெட்டு புள்ளி ஐந்து என்று ஆறு நாளையும் பேனாவில் எழுதினேன். வெளியே நசநசவென்று தூறிக்கொண்டிருந்தது. அது ஏன் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

செல்வி எட்டிப் பார்த்தாள். "போ, இதெல்லாம் உனக்குப் புரியாது" என்று எரிந்து விழுந்தேன். அவள் கோபப்படவில்லை. "புரியலைங்க, அதான் கேக்கறேன். நம்ம வூட்ல உக்காந்துகிட்டே கடல் சூடு தெரியுதுங்களா?"

புயலடித்த பாலம்

திரும்பிப் போனால் பாலத்துக் கைப்பிடிக் கம்பியையே காணோம். அந்த ஆறு நாளில் புயல் வந்து போயிருக்கிறது! அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை, வெட்கங்கெட்டவன். வடக்கே போயிருந்து அன்றைக்குத்தான் திரும்பிய கைடு நோட்டை வாங்கிப் புரட்டினார். மாணவர்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார். என் தோளைத் தட்டிச் சொன்னார்: "புயல்லயும் ஒரு நாள் விடாம போயிருக்கான் பாருங்கய்யா, இவனல்லவா ஸ்டூடண்ட்!"

ஷாகிதாவின் விண்ணப்பம்

பொங்கலுக்குக் கைடே லீவு கொடுக்க, வாளியை இன்னொரு மாணவனிடம் ஒப்படைத்துவிட்டுக் கடத்தூர் வந்திருந்தேன். தர்மபுரியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர், எம்.எஸ்ஸி. முடித்த மகள் ஷாகிதாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். என் கைடிடம் ஒரே ஒரு இடம் காலி. அடுத்த வாரம் இன்டர்வியூ. "தம்பி, இத விட்டா கல்யாணம் பண்ணிருன்னு வூட்ல நிக்கறாங்க. எடம் கெடைக்குங்களா?" என்றார் பாய்.

என்ன ஆராய்ச்சி செய்யப்போகிறாள் என்று ஷாகிதா நாலு பக்கம் எழுதி வைத்திருந்தாள். விண்ணப்பம் வாங்கப் போனபோது கைடு பெருமையாகக் காட்டிய என் நோட்டைப் பார்த்திருக்கிறாள். "புயலடிச்சா கடல் குளிர்ந்துரும்ணா. உங்க கடல் மட்டும் கொஞ்சங்கூடக் குளிரல. ஏன்னு கண்டுபிடிக்கறதுதான் என் ஆராய்ச்சி."

உண்மையைச் சொன்னால் என் பட்டம் போய்விடும். சொல்லாவிட்டால் நான் கட்டிலில் உட்கார்ந்து எழுதிய பொய்யை இந்தப் பெண் நாலு வருஷம் கடலில் தேடுவாள். செல்வி காபியோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன். பாய் தலையைக் குனிந்துகொண்டார், தப்பு செய்தது அவர் என்பதுபோல. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஷாகிதா நாலு பக்கத்தையும் மடித்துப் பைக்குள் வைத்தாள். திட்டவில்லை. மெதுவாகக் கேட்டாள்: "அப்ப மத்த நாளெல்லாம் நெசமாண்ணா?"

வேறு தலைப்பு எழுதிக்கொண்டு போன அவளுக்கு இடம் கிடைத்து நாலே வருஷத்தில் பட்டமும் வந்துவிட்டது, கைடிடம் ஒப்புக்கொண்டு, பழைய நோட்டு மொத்தமும் செல்லாது என்றாகி, முதலிலிருந்து வாளி இறக்கிய எனக்கு ஏழு வருஷம் ஆனது, ஏன் இவ்வளவு லேட் என்று கேட்பவர்களிடம் மட்டும் இன்னமும் கடல் மேல்தான் பழியைப் போடுகிறேன்.