கிழங்குக்குக் குனிந்த குதிரை

"பேனா புடிச்ச கையில கடிவாளம் நிக்குமா? குதிரை உன்னை ஒரு பார்வை பாக்கும், நீ அழுதுகிட்டே வீட்டுக்கு வருவே," என்றார் சித்தப்பா.

சித்தப்பா மாட்டுவண்டிக்காரர். குதிரை என்றாலே அவருக்கு இளக்காரம். பெண் பிள்ளை படிப்பதென்றால் அதைவிட இளக்காரம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தவள் நான். தமிழும் இங்கிலீசும் படித்தேன். ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்தபின் அவன் பாஷையிலும் நாற்பது வார்த்தை படித்துவைத்திருந்தேன். ஒரு கிழட்டுக் குதிரையை ஓட்டத் தெரியாதா என்ன?

ஓட்டியே தீர வேண்டிய நிலைமை. பெட்ரோல் இல்லாமல் லாரிகள் படுத்துவிட்டதால், செங் கிராமத்திலிருந்து காய்கறி ஏற்றிப் பட்டணத்தில் பண்டார் ஹிலிருக்குக் கொண்டுபோவது அப்பா ஓட்டும் எங்கள் குதிரைவண்டிதான். அப்பா மலேரியாவில் விழுந்தார். காஜா பெராங்கில் எங்களுக்கு அடுத்த வீட்டுச் சீனரின் குதிரை ஒரு வாரம் வேலையில்லாமல் நின்றதற்கே ஜப்பான் ராணுவம் வந்து பிடித்துக்கொண்டு போயிருந்தது. எங்கள் குதிரையும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

விடிந்ததும் கிளம்பினேன். அவித்த மரவள்ளிக் கிழங்கு ஒரு துண்டை வாழை இலையில் சுற்றித் தந்த அப்பா, போர்வைக்குள்ளிருந்து நடுங்கிக்கொண்டே சொன்னார்.

"இது குதிரைக்கும்மா. பாலத்துல சிப்பாய்க்குக் குனியுறப்ப, கைய கீழ வெச்சுக் குடு. மறந்துறாத."

காய்ச்சல் உளறல் என்று நினைத்தேன். சரக்கு ஏற்றித் திரும்பும் வழியில் பசித்தது. கிழங்கை நானே தின்றுவிட்டேன். குதிரை ஒரு காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டே நடந்தது.

ஆற்றுப் பாலத்தில் காவல் சிப்பாய் நின்றான். யாராக இருந்தாலும் இறங்கி, இடுப்பு வரை குனிய வேண்டும். நான் இறங்கினேன். பள்ளியில் சொல்லித்தந்தபடி அளவெடுத்ததுபோல் குனிந்து, காலை வணக்கமும் அவன் பாஷையிலேயே சொன்னேன். பாராட்டுவான் என்று ஓர் ஆசை.

"பகேரோ!" என்று கத்தினான். முட்டாள் என்று திட்டுகிறான். துப்பாக்கி முனையால் குதிரையைக் காட்டினான். இன்னும் மரியாதையான வாக்கியம் ஒன்றைச் சொன்னேன். இன்னும் பெரிதாகக் கத்தினான். கடிவாளத்தைப் பிடித்து, குதிரையை வண்டியிலிருந்து அவிழ்க்கச் சொல்லிச் சைகை காட்டினான். என் நாற்பது வார்த்தையும் தீர்ந்துபோயின.

பின்னால் கூடையோடு நின்ற கீரைக்கார அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"ஐயோ தங்கச்சி, அவன் ஒன்னைக் கேக்கல லா, குதிரையைக் கேக்குறான்! ஒங்கப்பா வந்தா அதுவும் சேந்துதான் கும்பிடும். அதப் பாக்கத்தான் அவன் தெனம் நிக்கிறான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிழங்கோ என் வயிற்றில்.

வேறு வழியில்லை. குதிரையின் முன்னால் நின்று மறுபடி குனிந்து, கிழங்கு இருப்பதுபோல் வெறுங்கையை மூடித் தரைக்கருகில் நீட்டினேன். குதிரை யோசித்தது. பிறகு மெதுவாகத் தலையை இறக்கி, விரலில் ஒட்டியிருந்த உப்பை நக்கியது. சிப்பாய் தொடையைத் தட்டிச் சிரித்தான். குதிரைக்குப் பதில் வணக்கம்கூடச் செய்தான். எனக்குச் செய்யவில்லை. கடிவாளம் என் கைக்குத் திரும்பி வந்தது.

குதிரையிடம் என்ன கற்றாய் என்று கேட்டால் வீரம், விசுவாசம் என்று சொல்வேன் என எதிர்பார்க்காதீர்கள். எங்கள் குதிரையிடம் இரண்டும் கிடையாது. அந்தப் பாலத்தில் எல்லோரும் பயந்து குனிந்தோம். அது மட்டும் கிழங்குக்காகக் குனிந்தது. சிப்பாய் இருந்ததையே அது கவனித்ததாகத் தெரியவில்லை. அன்றிலிருந்து நானும் குனியும்போது மதிய சாப்பாட்டைத்தான் நினைத்துக்கொண்டேன். முதுகு அவ்வளவாக வலிக்கவில்லை.

இன்னொன்றும் கற்றேன். ஏமாற்றினால் அது சும்மா விடாது. அன்று சாயங்காலம், மென்ற புல்லை என்னுடைய ஒரே நல்ல சட்டையின்மேல் தும்மியது.

"அழுதுகிட்டு வந்தியா?" என்றார் சித்தப்பா.

"குதிரைதான் கண்கலங்குச்சு, சித்தப்பா. கெழங்க நான் தின்னுட்டேன்ல."

வண்டி லைசென்ஸில் அதுவரை அப்பாவின் கட்டைவிரல் ரேகைதான் இருந்தது. அவர் எழுந்து நடமாடும் முன்பே அலுவலகத்துக்குப் போய், வண்டியோட்டி என்ற இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குமாஸ்தா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"பொம்பளையா ஓட்டப் போறது?"

"குதிரை ஒண்ணும் சொல்லலைங்க."

வாசலில் அது காத்திருந்தது. இப்போது இலையில் இரண்டு துண்டு கிழங்கு கொண்டுவருகிறேன். பெரியது அதற்கு.