ஈட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேடு

உன் மனைவிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். கேட்பவர் மேல் அல்ல, பதில் சொல்லத் தெரியாத என் மேல்தான். "புரோட்டானைப் புரோட்டான் மேல மோத வுட்டு மெசான் வருதான்னு பாக்குறா" என்று ஒருமுறை உள்ளதை உள்ளபடி சொன்னேன். குடை வாங்க வந்தவர் வாங்காமலே போய்விட்டார்.

பெரிய மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் எங்கள் கடை. குடை, ரெயின்கோட், பள்ளிக்கூடப் பை. என்னைப் பெற்ற அத்தா மஜீத் ஆரம்பித்தது. இப்போது கல்லாவில் நான். வாசலில் நாற்காலி போட்டுப் போவோர் வருவோரிடம் வாயளப்பது அவர். ரூமானாவைப் பெண் பார்க்கப் போனபோது அவள் எம்.எஸ்ஸி. முடித்திருந்தாள். மேலே படிப்பேன் என்பது மட்டும்தான் அவள் போட்ட நிபந்தனை. "படிக்கட்டும், குடை விக்கவா கூட்டிட்டுப் போறோம்?" என்றார் அத்தா. என்ன படிப்பு என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் புரிந்திருக்காது என்பது வேறு விஷயம்.

கல்யாணத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டதை வைத்துச் சொல்கிறேன். தப்பிருந்தால் அவளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. அங்கே புரோட்டான்களைக் கன்னாபின்னாவென்று வேகப்படுத்தி, குளிரவைத்த ஹைட்ரஜன் மேல் விடுகிறார்கள். ஹைட்ரஜனுக்குள் இருப்பதும் ஒரு புரோட்டான்தானாம். பெரும்பாலும் இரண்டும் மோதிக்கொண்டு சும்மா ஆளுக்கொரு பக்கம் போய்விடும். அதற்குச் சிதறல் என்று பெயர். எப்போதாவது ஒருமுறை மோதிய ஆற்றலில் கொஞ்சம் ஒரு புதுத் துகளாக மாறும். அதுதான் மெசான். ஈட்டா என்பது அதில் ஒரு வகை. பிறந்த கையோடு செத்துப்போகும், கண்ணில் படாது. வெளியே வரும் இரண்டு புரோட்டான்களை மட்டும் பிடித்து, வந்ததற்கும் போனதற்கும் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, இடையில் பிறந்தது இன்னார்தான் என்று சொல்வார்கள். டப்பாவில் குறைந்திருக்கும் முறுக்கைப் பார்த்து, வந்துபோனது யார் என்று வீட்டில் சொல்வதில்லையா, அந்த மாதிரிதான்.

"காணாமப் போனதை வச்சு ஒரு படிப்பா?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு வெளக்குறதை விட ஈட்டாவைப் புடிக்கிறது சுலபங்க" என்றாள்.

எங்கள் மகள் ஹிபா கைக்குழந்தையாக இருந்த வருஷம் ஒரு ரமலான் மாதம் முழுக்க ரூமானா அங்கே போய் அந்த இயந்திரத்தின் முன்னால் முறை வைத்து உட்கார்ந்துவிட்டு வந்தாள். அங்கே எடுத்து வந்ததை அலசத்தான் இத்தனை வருஷம். நடுவில் கொரோனா வந்தது, அவளுக்குக் கல்லூரியில் பாடம் எடுக்கும் வேலை வந்தது, ஹிபா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். ரூமானாவின் கம்ப்யூட்டர் திரையில் மட்டும் அதே படம்: தரையில் போகும் ஒரு கோடு, ஓரிடத்தில் மலை மாதிரி எழும்பி, மறுபடி தரைக்கு வரும். அந்த மலைதான் ஈட்டா.

போன வருஷம் மழைக்காலத்தில், கடையில் எனக்குத் தலை சொறிய நேரமில்லாத ஒரு நாளில், போன் செய்தாள். மலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேடு தெரிகிறதாம்.

"அப்படின்னா?"

"தெரியலங்க. புதுசா ஏதாவது இருக்கலாம். இல்ல, ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம்."

"ஏதாவது ஒண்ணு சொல்லு ரூமானா. கடையில கூட்டம்."

அந்த ஏதாவது ஒன்றைச் சொல்ல அவளுக்கு எட்டு மாதம் ஆயிற்று. எங்கள் வீடே குழம்பிப்போன எட்டு மாதம் அது. காலையில் மேடு இருக்கும்; சாயங்காலம் வேறு மாதிரி அலசினால் பாதியாகிவிடும்; மறுநாள் முழுசாகத் திரும்பி வரும். அவள் சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டாள், ஒரு முறை போடவே இல்லை. பல நாட்டு ஆட்கள் சேர்ந்த குழு அது. எல்லோரும் வாராவாரம் கணினியில் கூடி அந்த மேட்டைக் குடைந்தார்கள். கடைசியில் எல்லோரும் தலையாட்டினார்கள். கட்டுரை எழுதலாம், ரூமானாவின் பெயர் முதலில் வரட்டும் என்று முடிவானது. கட்டுரை வெளியே போனால் அந்த ஆராய்ச்சிக்கூடத்திலேயே அவளுக்கு மூன்று வருஷ வேலை. எழுதித் தராத குறையாகச் சொல்லிவிட்டார்கள்.

அத்தா சும்மா இருப்பாரா? பள்ளிவாசலிலிருந்து டீக்கடை வரை சொல்லிவிட்டார். குருசுக்குப்பத்திலிருந்து மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுவரும் பாக்கியலட்சுமியக்கா, ரெயின்கோட் வாங்க வந்தபோது, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்க வூட்டம்மா என்னமோ புதுசா கண்டுபுடிச்சிட்டாங்களாமே? அத்தா சொன்னாரு."

"ஆமாக்கா."

"நல்லா இருக்கட்டும். எதுக்கு ஒதவும் அது?"

"அளவு சரியா இருக்கான்னு போட்டுப் பாருங்கக்கா" என்று ரெயின்கோட்டை நீட்டினேன்.

குழப்பம் அவளுக்கு மட்டும் இல்லை. மேடு உண்மையென்றால் நாங்கள் புறப்பட வேண்டும். அத்தாவை யார் பார்ப்பது, கடையை யார் திறப்பது, அந்த ஊரில் நான் என்ன செய்வது? பனியில் நின்று குடை விற்பதா? மேடு பொய்யென்றால் இவள் இத்தனை வருஷம் கண்விழித்தது என்னாவது? தொழுதுவிட்டுக் கையேந்தினால் எதைக் கேட்பது என்றே தெரியவில்லை. எது நல்லதோ அதைக் கொடு என்று கேட்டேன். அதுவே நழுவப் பார்க்கிற பேச்சாக எனக்குப் பட்டது.

கட்டுரை போக இரண்டு நாள் இருந்தது. நல்ல மழை. மத்தியான நேரத்தில் ரூமானா சொட்டச் சொட்ட நனைந்தபடி கடைக்கு வந்தாள்.

"குடைக்கடைக்காரன் பொண்டாட்டி வர்ற அழகைப் பாரு" என்றார் அத்தா.

அவள் சிரிக்கவில்லை. நேரே உள்ளே போய்ப் பை மூட்டை மேல் உட்கார்ந்தாள். துண்டைக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், துடைக்கவில்லை.

"அது இல்லங்க."

"எது இல்ல?"

"மேடு."

கட்டுரைக்குக் கடைசியாக ஓர் அட்டவணை வேண்டியிருந்ததாம். அதற்காக, சும்மா மோதிச் சிதறிய புரோட்டான்களை எடுத்துப் பார்த்திருக்கிறாள். அவற்றை யாரும் சீண்டுவதில்லை. மெசான் தேடுகிறவர்கள் முதல் வேலையாக அவற்றைத்தான் கழித்து ஒதுக்குவார்கள்; அவளும் ஒதுக்கித்தான் வைத்திருந்தாள். அப்படிச் சிதறியதில் புதிதாக எதுவும் பிறக்காததால், வெளியே போகும் இரண்டின் ஆற்றலையும் கூட்டினால் உள்ளே வந்தது அப்படியே வர வேண்டும். எல்லா நாளும் வந்தது. ஒரே ஒரு நாள் காலையில் எடுத்ததில் மட்டும் கொஞ்சம் குறைந்தது.

"அன்னைக்கு உள்ள வுட்ட புரோட்டானுக்கே ஆற்றல் கம்மியா இருந்திருக்கு. அது தெரியாம நாங்க வழக்கமான ஆற்றலை வச்சே கணக்குப் போட்டோம். அதனால அன்னைக்கு வந்த ஈட்டா எல்லாம் கொஞ்சம் தள்ளிப் போயி நிக்குது. அதான் மேடு. அந்த ஒரு நாளை எடுத்துட்டா மேடே இல்ல. நெசமான துகளா இருந்தா தெனமும்ல வரணும்? மொத்தமாச் சேத்துப் பாத்தோமே ஒழிய, நாள் நாளாப் பிரிச்சு யாரும் பாக்கல."

"எந்த நாளு அது?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் சஹருக்கு எழுந்து வந்து போன் பண்ணேனே. ஹிபா போனைக் குடுக்கமாட்டேன்னு புடிச்சுக்கிட்டு அழுதாளே. அந்த நாளு."

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அங்கே அவளுக்கு சஹர் நேரம், நோன்பு வைக்க விடியுமுன் சாப்பிடும் நேரம். இங்கே விடிந்து ஹிபா எழுந்துவிட்டாள். பேரீச்சம்பழத்தை வாயில் போட்டபடி ரூமானா போனில் தெரிந்தாள். பிள்ளை அன்றைக்குத்தான் முதல்முறையாக "ம்மா, வா" என்றது. சொல்லிவிட்டுப் போனைக் கட்டிக்கொண்டது. பிடுங்கினால் அலறியது. நானும் பிடுங்கவில்லை, பேசட்டுமே என்றுதான் இருந்தேன்.

அந்த இயந்திர அறையில் ஒரு வழக்கம் உண்டாம். நாற்காலியை விட்டு எழுந்தவர் திரும்பி வந்தால், நடுவில் உட்கார்ந்திருந்தவர் என்ன செய்தேன், எதை மாற்றினேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வந்தவர் அதைத் திரையில் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். அவள் இடத்தில் உட்கார்ந்திருந்தவர் மாரெக் என்ற போலந்துக்காரர். அன்றையப் பதிவேட்டை இப்போது புரட்டிப் பார்த்ததில், பக்கத்துக் குழு ஒன்று ஒரு சோதனைக்காக ஆற்றலைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லியிருக்கிறது. குறைத்தார், முடிந்ததும் பழையபடி ஏற்ற இயந்திரத்துக்குக் கட்டளை கொடுத்தார். ஏறிவிட்டது என்று அவர் நம்பினார். இயந்திரம் முழுசாக ஏறவில்லை. ரூமானா ஓடிவந்தபோது "எல்லாம் பழையபடி" என்றார். இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். திரையைப் பார்க்கவில்லை.

ஆக, அந்த மேடு பிறந்தது நாங்கள் மூன்று பேரும் பேசிக்கொண்டிருந்தபோது. வெளியே மழையும் அத்தாவின் குரலும் கேட்டுக்கொண்டே இருந்தன. நான் கேட்டேன்:

"நீ சொல்லாட்டி யாருக்குத் தெரியும்?"

ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே விளங்கவில்லை. ஊரைவிட்டுப் போகப் பயந்துகொண்டிருந்தவன் நான்தான். அவள் சொன்னால் நான் இங்கேயே இருக்கலாம். அப்படியிருந்தும் கேட்டேன்.

"யாருக்கும் தெரியாதுங்க" என்றாள். "ஆனா இந்தப் பேப்பரைப் படிச்சிட்டு எவனாவது ஒருத்தன் அந்த மேட்டைத் தேடி வருஷக்கணக்கா உக்காருவான். அங்க ஒண்ணும் இருக்காது. அவன் வூட்டுலயும் யாராவது உங்கள மாதிரி முழிச்சிட்டு இருப்பாங்க."

அன்று சாயங்காலமே கூட்டம் கூட்டச் சொன்னாள். படுக்கையறையில் அவள் பேச, கதவுக்கு வெளியே நானும் ஹிபாவும் உட்கார்ந்திருந்தோம். அந்த இங்கிலீஷில் எனக்குப் பிடிபட்டது கொஞ்சம்தான். டாட்டர் என்றாள். அந்த நாளின் தேதியைச் சொன்னாள். ஓர் ஆணின் குரல் குறுக்கே வந்து, தப்பு தன்னுடையது என்றது. மாரெக்காக இருக்க வேண்டும். இல்லை, நானும் பார்த்திருக்க வேண்டும் என்றாள் இவள். யாராவது கத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன். தேங்க்யூ ரூமானா என்று ஓர் அம்மாள் சொன்னார். அவ்வளவுதான், கூட்டம் முடிந்துவிட்டது. அந்த மூன்று வருஷ வேலையைப் பற்றி அன்றைக்கும் சரி, அப்புறமும் சரி, யாரும் பேச்செடுக்கவில்லை.

கதவைத் திறந்ததும் ஹிபா கேட்டாள்: "ம்மா, ஏரோப்ளேன்ல போறமா?"

"இல்லடி."

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அது இறங்கியதே எனக்கு அசிங்கமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் டீ போடப் போய்விட்டேன். டீத்தூளுக்குப் பதில் காப்பித்தூளைப் போட்டேன்.

அத்தாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்தேன். அவர் தானாகவே ரூமானாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டார். அடுத்த வாரம் பாக்கியலட்சுமியக்கா வாசலில் நின்று, "என்னாச்சு அத்தா, உங்க மருமவ கண்டுபுடிச்சது?" என்று கேட்டது உள்ளே இருந்த என் காதில் விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அது இல்லன்னு அவளே கண்டுபுடிச்சிட்டா" என்றார் அத்தா, முன்பு சொன்ன அதே பெருமையோடு. "எத்தனையோ பேரு பாத்தும் தெரியல. எங்க புள்ளைக்குத்தான் தெரிஞ்சுது."

"அதுவும் நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு பாக்கியலட்சுமியக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

ரூமானா ஒரு வாரம் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்தாள். அந்த ஒரு நாளுக்கு மட்டும் சரியான ஆற்றலைப் போட்டு எல்லாவற்றையும் மறுபடி ஓடவிட்டாள். ஹிபாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டாள். பழைய படம்தான். கோடு, மலை. மேடு இருந்த இடம் வெறும் தரை.

"போயிடுச்சா?" என்று கேட்டேன்.

"எங்கயும் போகலங்க." மலையின் உச்சியை விரலால் தொட்டாள். முன்னைக்கு இப்போது அது ஒரு நூல் உயர்ந்திருந்தது. "எல்லாம் ஈட்டாகிட்டயே வந்து சேந்துடுச்சு."

அந்த உயர்ந்த இடத்தைப் பார்த்தபடியே அவள் அழ ஆரம்பித்தாள். பாதி வாரிய தலையோடு ஹிபா ஓடிவந்து, என்ன ஏது என்று புரியாமல், அவளைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றாள். இந்த முறையும் நான் பிடுங்கவில்லை.