மான் சாகாத நாடகம்

"அந்த மான் சாகக்கூடாதுங்க" என்று எஸ்டேட் கங்காணி வந்து சொன்னபோது, நான் ஹார்மோனியத் துருத்தியின் கிழிசலை ஒட்டிக்கொண்டிருந்தேன். நாடகம் தொடங்கும் நேரம்.

எழுபதுகளில் ஒரு நாடக செட்டில் எனக்கு ஹார்மோனிய வேலை. கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறி, கேரளத் தோட்டங்களின் திருவிழாக்களுக்குப் போவோம். அப்போது காட்டு மிருகங்களை வைத்து ஓர் இசை நாடகம் போட்டோம். வசனமே கிடையாது, நரிக்குக்கூடப் பாட்டுத்தான். தாய்மான் குட்டிக்கு நீலாம்பரியில் தாலாட்டுப் பாடும். வேடனின் அம்பு பட்டு, முகாரி பாடிச் சாகும். குட்டி வளர்ந்து, தான் ஈன்ற குட்டிக்கு அதே தாலாட்டைப் பாடும்.

மேடையில் செத்தவர், பாட்டு முடிந்ததும் எல்லோரும் பார்க்க எழுந்து கும்பிட வேண்டும். எழாமல் கிடந்தால் அந்த நடிகருக்கு ஆகாது என்பது எங்கள் செட்டின் நம்பிக்கை. தாய்மானாக நடித்த ரஞ்சிதம் இதில் ரொம்பக் கறார். எலுமிச்சம்பழம் சுற்றிப் போடாமல் மேடை ஏறமாட்டாள்.

கங்காணி காரணம் சொன்னார். "போன மாசந்தான் மூணாம் லயத்து வரிசை வீட்டுல ஒரு பொண்ணு பிரசவத்துல போயிருச்சு. அவ புருசன் சவரிமுத்து மகளோட முன்னாடிதான் உக்காருவான். தாங்கமாட்டாங்க."

"முகாரி இல்லாம தாலாட்டு உப்பில்லாக் கஞ்சிதான்" என்று முணுமுணுத்தேன்.

"ஒன் ராகத்தவிட மனுசன் முக்கியம்டா" என்றார் செட்டை நடத்திய எங்கள் வாத்தியார். அன்று தாய்மான் தாலாட்டைப் பாடிவிட்டுச் சும்மா உள்ளே போனது. கைதட்டலுக்குக் குறைவில்லை.

மறுநாள் காலை ஜீப்பில் சாமான் ஏற்றும்போது சவரிமுத்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்றுதான் நினைத்தோம். மகளைச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு, தணிந்த குரலில் பேசினார்.

"தப்பா நெனைக்காதீங்க. அம்மா ஊருக்குப் போயிருக்கான்னு இவகிட்ட சொல்லி வச்சிருக்கேன். தெனமும் பஸ் நிக்கிற மேட்டுல போயி நிக்கிறா. இப்ப அந்த மானும் அம்மா போன ஊருக்குத்தான் போச்சான்னு கேக்குறா. என் பொய்யவே நீங்களும் பாடிட்டீங்களே."

மகளை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"மான் சாகுற பாட்டு இருக்குன்னு பக்கத்துத் தோட்டத்துல பாத்தவங்க சொன்னாங்க. அத இவளுக்குக் காட்டுங்க. எனக்கு வாய் வரலைங்க."

காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் திடலிலேயே ஹார்மோனியப் பெட்டியை இறக்கினேன். ரஞ்சிதம் காது வைத்த தொப்பியை மாட்டிக்கொண்டு முகாரி பாடினாள். ஈர மண்ணில் விழுந்தாள். பாட்டு முடிந்தது. வாத்தியார் எழுந்திருக்கச் சொல்லிக் கை காட்டினார். கண்ணைத் திறந்தவள், கிட்டே வந்துவிட்ட பிள்ளையைப் பார்த்ததும் மறுபடி மூடிக்கொண்டாள்.

பிள்ளை அவள் கன்னத்தைத் தட்டியது. "எந்திரி."

ரஞ்சிதம் அசையவில்லை.

"அப்பா, எந்திரிக்க மாட்டேங்குது."

"எந்திரிக்காதும்மா. நம்ம அம்மாவும் இப்பிடித்தான். செத்துப்போச்சு."

பிள்ளை வீறிட்டு அழுதது. அவரும் அழுதார். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை, தாலாட்டை வாசித்தேன். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நடந்தார். கொஞ்ச தூரம் போன பிறகுதான் ரஞ்சிதம் எழுந்தாள்.

"எலுமிச்சம்பழம் இருக்காண்ணே?" என்று கேட்டாள். இல்லை. "சரி, போகட்டும்" என்று புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

இப்போது இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். துக்கத்தை வெட்டச் சொல்லி யாராவது வருவார்கள், நல்ல எண்ணத்தோடுதான். யாருக்காக வெட்டுகிறோமோ அவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

அன்று அவர்கள் போவதைத் திடலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். லயத்துக்குப் போக, பஸ் நிற்கும் அந்த மேட்டைத் தாண்ட வேண்டும். அங்கே வந்ததும் பிள்ளை தோளிலிருந்து இறங்கியது. நிற்கவில்லை, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தது.