ஒரே நம்பரில் இரண்டு கல்

போன வியாழக்கிழமை காலை, திருப்போரூரில் நாங்கள் புதிதாகக் கட்டிய வீட்டு வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. கிரகப்பிரவேசத்துக்கு மூன்றே நாள். மாமல்லபுரம் சிற்பக்கூடத்தில் ஆர்டர் கொடுத்த கிரானைட் பெயர்ப்பலகை! இறக்கி வைத்துவிட்டு வண்டி போய்விட்டது. ஆசையாகச் சாக்கைப் பிரித்தேன்.

மேலே சிலுவை. கீழே, 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்'.

என் மனைவி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

"மொதல்ல அத்த வெளிய எடுத்துனு போங்க!" என்று கத்தினாள்.

கேட்டுக்கு வெளியே, வெயிலில், மதிலோரமாகச் சாத்தினேன். சிற்பக்கூட முதலாளிக்குப் போன் அடித்தேன்.

"உங்குது 207 தானே அண்ணாத்த? கல்லு பின்னால இன்னா நம்பர் கீது?"

சிவப்பு பெயின்ட்டில் 207.

"அப்ப கரெக்ட்டுதான?"

எப்படி இருக்கிறது கதை!

விசாரித்தால்... கடை கம்ப்யூட்டர், கடைசி ஆர்டர் 206 என்று பார்த்து எனக்கு 207 கொடுத்திருக்கிறது. அதே நாள் படாளத்தில் முதலாளியின் ஆள் செல்போனில் ஒரு ஆர்டர் பதிந்திருக்கிறார். அங்கே சிக்னல் இல்லை. கடையைக் கேட்க வழியில்லாத போன், 206-க்கு அடுத்ததென்று தானும் 207 போட்டுவிட்டது. இரண்டுமே ஒழுங்காகத்தான் எண்ணியிருக்கின்றன - தனித்தனியாக! என் பெயர்ப்பலகை படாளத்துக்குப் போய்விட்டது.

இப்போது மாற்றிவிட்டார்களாம். கம்ப்யூட்டரோ போனோ, யாரையும் கேட்காமல், வேறெங்கும் வரவே வராத நீளமான நம்பர் ஒன்றைத் தானே உருவாக்கிக்கொள்ளும். கல்லில் எழுத இடம் போதவில்லை என்று முதலாளி புலம்புகிறார்.

ஆனால் அன்றைக்கு?

"நாளைக்குக் காலைல கல்லறைல ஜெபம் அண்ணாத்த. அந்தக் கல்ல வெச்சே ஆவணும்" என்றார். கல்லைக் காரில் ஏற்றிக்கொண்டு படாளம் கிளம்பினேன். என் பெயர்ப்பலகையைப் பார்த்து அந்தக் குடும்பம் எப்படிக் கொதித்திருக்கும்? வழியெல்லாம் மன்னிப்பு ஒத்திகை பார்த்தேன்.

இறந்தவரின் மகள் எஸ்தர் கதவைத் திறந்தார். உள்ளே கட்டில் மேல் என் பெயர்ப்பலகை. தூசி துடைத்து, புதுத் துண்டு போர்த்தி...

"புது வூட்டுக் கல்லாச்சே சார். தரைல போட மனசு வரல. எங்கப்பா கல்லும் உங்க வூட்ல பத்திரமாத்தான் கீதுன்னு நெனச்சுகினேன்."

அவர் அப்பாவை நான் நிறுத்தி வைத்திருந்தது கேட்டுக்கு வெளியே.