பத்து நிமிடப் பாடமும் என் வீட்டுக் கணினியும்

கணினித் திரையில் நடப்பதை அப்படியே வீடியோவாகப் பிடித்துக் கொடுப்பது என் தொழில். ஜமுனாமரத்தூர் என்ற எங்கள் மலையூருக்கு இதற்கு ஓர் ஆள் போதும் என்பதால் எனக்குப் போட்டியும் கிடையாது, பெரிய மரியாதையும் கிடையாது. பதிவு மென்பொருளில் அமைப்புகள் என்ற பக்கத்தைத் திறந்துவிட்டு, எதைத் தொட்டால் எது கெடுமோ என்று மௌஸைப் பிடித்தபடி திருதிருவென்று விழித்த அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால் வாருங்கள், நாம் ஒரே சாதி.

உசத்தியான தரம்

சாமை பயிரிடுகிறவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் ஒன்றின் செயலாளர் சின்னராஜ் அண்ணன். சங்கத்தின் இணையப் பக்கத்தில் உறுப்பினர்கள் தங்கள் விளைச்சலைப் பதிவது எப்படி என்று ஒரு வீடியோ கேட்டு வந்தார். தரம் என்ற இடத்தில் ஐந்து தேர்வுகள் இருந்தன. எது உசத்தி என்று கேட்டார். கடைசியில் இருப்பது என்றேன். நம்ம ஜனத்துக்கு எதுக்குக் குறைச்சலாகக் கொடுக்க வேண்டும் என்று அதையே போடச் சொன்னார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பன்னிரண்டு நிமிட வீடியோவின் கோப்பு ஒரு முழுநீள சினிமாவைவிடப் பெரிதாக வந்தது. இரண்டு நாள் கழித்து அண்ணன் திரும்பி வந்தார். முகத்தில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "படம் பளிச்சுனு கீதும்மா, கொற சொல்ல முடியாது. ஆனா போன்ல எடம் வோணும்னா கல்யாண போட்டோவெல்லாம் அழிக்கணுமாம். ஒருத்தனும் ஒத்துக்க மாட்டேங்கறான்."

அறுபது

தமிழரசி கணக்கு டீச்சர். தற்காலிக வேலை, இந்த வருடத்தோடு முடிந்துவிட்டது. சென்னையில் ஒரு பாடவீடியோ நிறுவனம் ஆள் எடுக்கிறது. பத்து நிமிடத்துக்கு மேல் போகாமல் ஒரு பாடத்தைத் தெளிவாகத் திரைப்பதிவு செய்து, சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். அதற்காக என்னிடம் வந்தாள். கிடைத்தால் மலையில் இருந்தபடியே பாடம் எடுத்து, வாரம் ஒருமுறை நெட் கிடைக்கும் போளூருக்கு இறங்கிப் போய் அனுப்பினால் போதும். கிடைக்காவிட்டால் திருப்பூரில் பனியன் கம்பெனி. நாத்தனார் அங்கே இடம்கூடப் பார்த்து வைத்துவிட்டாள்.

நொடிக்கு எத்தனை படம் என்று மென்பொருள் கேட்டது. முப்பதா, அறுபதா? கணக்கு டீச்சரை உட்கார வைத்துக்கொண்டு முப்பதுதான் நல்லது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அறுபது போட்டோம். என் கணினிக்கு எட்டு வயது. அவள் திரையில் எழுத எழுத, அது மூச்சு வாங்கிப் பாதிப் படங்களை வழியிலேயே தவறவிட்டது. போட்டுப் பார்த்தபோது சமன்பாடு துண்டு துண்டாகக் குதித்து வந்தது. தமிழரசி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இன்னாக்கா இது, கணக்குக்குச் சாமி வந்தாப்ல ஆடுது?"

இரைச்சல்

முப்பதுக்கு இறங்கினோம். பதிவின் அளவையும் என் திரையின் அளவுக்கே வைத்தேன். சின்னத் திரையை இழுத்துப் பெரிதாக்கியதால்தான் முதல் பதிவில் எழுத்துகளும் கரைந்து தெரிந்தன என்று அப்போதுதான் புரிந்தது. எழுத்து இப்போது கத்தரித்த மாதிரி நின்றது. ஆனால் பக்கத்து வீட்டு ரங்கநாதன் அண்ணன் சாமை அடிக்கும் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். இரைச்சலை நீக்கும் வசதியைக் கடைசிவரை ஏற்றினேன். மெஷின் போய்விட்டது, கூடவே தமிழரசியின் குரலில் பாதியும் போய்விட்டது.

அண்ணனிடமே போய், பத்து நிமிடம் நிறுத்த முடியுமா என்று கேட்டேன். தங்கமான மனிதர், விஷயத்தைக் கேட்டதும் உடனே நிறுத்தினார். அன்று எடுத்த பதிவு எல்லா வகையிலும் நன்றாக இருந்தது, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த அவருடைய அக்கறையைத் தவிர. "டீச்சரம்மா, முடிஞ்சிச்சா? ஒண்ணும் அவசரமில்ல, நீங்க பொறுமையா சொல்லிக்குடுங்க!"

ஒன்பதாவது நிமிடம்

வெள்ளிக்கிழமை ஒன்பதாவது நிமிடத்தில் கரண்ட் போனது. யு.பி.எஸ். பேட்டரி எப்போதோ உயிரை விட்டிருந்தது. கரண்ட் வந்ததும் பார்த்தால் கோப்பு இருக்கிறது, திறக்கவில்லை. நான் தேர்ந்தெடுத்திருந்த எம்.பி.ஃபோர் என்ற வகை, பதிவை முறையாக நிறுத்தினால்தான் கோப்பை மூடிக் கொடுக்குமாம்; நடுவில் அறுந்தால் அத்தனையும் பாழ். எனக்குத் தமிழரசியின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. இருபது முறை பார்த்த பட்டியல், அந்த ஒரு வரியை நான் படித்ததே இல்லை. எங்கே அறுந்தாலும் அதுவரை எடுத்ததைக் காப்பாற்றும் எம்.கே.வி. என்ற வகைக்கு மாற்றினேன்.

சனிக்கிழமை காலை மறுபடி எடுத்தோம். அவ்வளவு நன்றாக அவள் ஒரு நாளும் பாடம் எடுத்ததில்லை. காற்றும் அன்றைக்கென்று அடித்தது. ஒன்பதாவது நிமிடம் தாண்டித் திரை இருண்டது. கோப்பு உள்ளே பத்திரமாக இருக்கும், எடுக்கத்தான் வழியில்லை. தெருவில் ஓடி லைன்மேனைப் பிடித்தோம். "மரம் வுழுந்து மூணு கம்பம் சாஞ்சிட்ச்சிங்க. இன்னிக்கி வராது. நாளைக்கும் நான் வாக்கு குடுக்க மாட்டேன்."

மடியில் பெட்டி

ஹார்டு டிஸ்கை மட்டும் எடுத்துப் போகலாம். எனக்குக் கழற்றத் தெரியும், திரும்ப மாட்டத் தெரியாது. அதனால் கணினிப் பெட்டியையே போர்வையில் சுற்றி, இருவரும் போளூர் பஸ்ஸில் ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் அவள் அதைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டாள். கண்டக்டர் போர்வையைத் தூக்கிப் பார்த்தார். "நாங்கூட பலாப்பழம்னு நெனச்சேன். அப்ப நசுங்காதில்ல, கொஞ்சம் ஒதுங்கி உக்காருங்க."

போளூரில் ஒரு நெட் சென்டரில் கெஞ்சிப் பெட்டியை மாட்டினோம். கோப்பு திறந்தது. படம் சுத்தம், குரல் சுத்தம். திரையில் தமிழரசி சமன்பாட்டை எழுதி, காரணிகளாகப் பிரித்து, "அப்போ எக்ஸோட மதிப்பு என்ன?" என்று கேட்டாள். அத்தோடு முடிந்தது. விடை வரவில்லை. மணி நாலே முக்கால். வேறு பதிவும் இல்லை, நேரமும் இல்லை. அனுப்பிவிட்டு அவள் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "பதிலே சொல்லாத டீச்சர எவன்க்கா வேலைக்கு வெப்பான்?"

மூணுதானே

மூன்று வாரம் தகவல் இல்லை. திருப்பூருக்குப் பை தைத்து வாங்கிவிட்டாள். பிறகு ஒரு மதியம், எங்கள் ஊரில் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும் பஸ் நிறுத்தத்தில் நாங்கள் நின்றிருந்தபோது சென்னையிலிருந்து அழைப்பு. தமிழரசி பயத்தில் ஸ்பீக்கரைப் போட்டாள். ஒரு பெண் அதிகாரி பேசினார். வேலை உறுதி என்றார். அவள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

படத்தின் தரத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அதைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை. "எல்லாரும் விடையைச் சொல்லி முடிச்சிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் கேள்வியோட நிறுத்தினீங்க. நான் படிச்சு இருபது வருஷம் ஆச்சு, என்னையே பேப்பர் எடுத்துப் போட வெச்சிட்டீங்க. மூணுதானே விடை?" ஆமாம் என்று சொல்லித் தொலை என்று நான் அவள் விலாவில் இடித்தேன். தமிழரசி நிமிர்ந்து நின்று சொன்னாள்: "மூணு ஒண்ணு மேடம். மைனஸ் அஞ்சுன்னு இன்னொன்னும் வரும், அத வுட்டுட்டீங்க."

தரமான திரைப்பதிவுக்கு எந்த அமைப்பை எப்படி வைப்பதென்று இப்போது யார் கேட்டாலும் சொல்லிவிடுவேன். பாடத்தை எந்த இடத்தில் நிறுத்துவது என்ற அமைப்பு மட்டும் என் கணினியில் இல்லை, அதற்கு மரம்தான் விழ வேண்டும்.