படுத்துப் பார்த்த எலெக்ட்ரீஷியன்

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஆறு பிள்ளைகளை வளர்த்தவள். பேத்திகளின் அறைக்கு வயரிங் செய்ய வந்த எலெக்ட்ரீஷியன், கட்டில் வரப்போகும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, அதற்குள் பள்ளிகொண்ட பெருமாளைப் போலப் படுத்துவிட்டார். தொப்பை மட்டும் கோட்டுக்கு வெளியே கிடந்தது.

“இன்னாபா, வேலைக்கு வந்தியா, தூங்க வந்தியா?”

“படுத்துப் பார்த்தாதான் பிளக் பாயிண்டு கைக்கு எட்டுமான்னு தெரியும் ஆயா.”

“வடக்கே தலை வைக்காதீங்கன்னு கத்திக்கினே இருக்கேன், பொண்ணுங்க ரெண்டும் கேக்கறதில்ல. நீயும் வடக்கேயே வைச்சிருக்கியே!”

அவர் திரும்பிப் படுத்தார். “பாயிண்டைத் தெக்குச் செவுத்துல வைச்சிடறேன். போன் சார்ஜர் எங்கயோ, தலை தானா அங்க வரும்.”

பேத்திகளின் தலை அப்படியே தெற்கே வந்தது. தொண்டை கிழியக் கத்தியவள் நான். படுத்தே சாதித்தவர் அவர். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

பாப்பா, நான் சொல்லச் சொல்ல நீ எழுதியதை எனக்குப் படித்துக் காட்டு. அவரைப் புகழ்ந்த இடம் வந்தால் குரலை இறக்கிப் படி.