ஒரு நாள் தாமதமாக வந்த மழை

ஒருவனுடைய கை நடுங்குவதைப் பார்ப்பதற்காக நான் இருபத்தெட்டு வருடம் காத்திருந்தேன். இதெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயமா என்று என் மனைவி கேட்கிறாள். பெருமைதான்.

அவன் தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் ஆசிரியன். நான் கடல் பக்கம், கிள்ளானில் இன்னொரு தமிழ்ப்பள்ளியில் அதே வேலை பார்ப்பவன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருவரும் ஒரே அறை. அங்கே விரிவுரையாளர் முன்னால் முதன்முதலாகப் பாடம் நடத்திக் காட்ட வேண்டிய நாளில் எனக்கு உதறல் எடுத்துவிட்டது. சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. இரண்டு துண்டையும் கீழே போட்டேன். பொறுக்கக் குனிந்து நிமிர்ந்தபோது மேசை விளிம்பில் மண்டை இடித்தது. அந்த அமைதியில் பின்வரிசையிலிருந்து அவன் குரல் கேட்டது: "பாருங்கடா, அகார்-அகார் மாதிரி ஆடுறான்!"

தீபாவளிக்குத் தட்டில் ஊற்றி உறையவைத்து, சதுரம் சதுரமாக வெட்டி வைப்பார்களே, தொட்டாலே ஆடும் கடல்பாசி இனிப்பு, அந்த அகார்-அகார். விரிவுரையாளரும் சிரித்தார். அன்றோடு என் சொந்தப் பெயர் போயிற்று. கல்யாண வீடுகளில் "வாங்க அகார்" என்றார்கள். நண்பர்களின் பிள்ளைகள் "அகார் மாமா" என்றார்கள். தலை நரைத்தது, இடுப்பு பெருத்தது, அந்தப் பெயர் மட்டும் இளைக்கவே இல்லை. உண்மையில் நான் நடுங்குகிறவன்தான், அதை மறுக்கவில்லை. லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் கொஞ்சம் யோசித்தாலே எனக்கு வியர்க்கும். ஆனால் நடுங்குவது என் சொந்த விவகாரம். அதற்குப் பெயர் வைத்து ஊருக்கு விநியோகிக்க அவன் யார்?

போன வருடம் எங்கள் இரண்டு பள்ளிகளையும் சேர்த்து ஒரு திட்டத்தில் போட்டார்கள். இரு பள்ளிகளின் ஐந்தாம் ஆண்டு மாணவர்களும் ஒரு மாதம் தங்கள் ஊரின் வெப்பத்தையும் மழையையும் தினம் அளந்து, இரண்டு ஊரையும் ஒப்பிட வேண்டும். கடைசியில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் பெற்றோர் முன்னிலையில் காட்ட வேண்டும். சிறப்பாகச் செய்தால் இரண்டு வகுப்புக்கும் வானிலை நிலையத்துக்கு ஒரு சுற்றுலா.

தொடக்க நாளில் இரு வகுப்புகளும் வீடியோ அழைப்பில் சந்தித்தன. திரையில் அவன் முகம் தெரிந்தது. முடிக்குச் சாயம் அடித்திருந்தான்.

"ஸ்டூடன்ஸ், இவர்தான் என் பழைய கூட்டாளி. அகார் சார். வணக்கம் சொல்லுங்க."

முப்பத்திரண்டு பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைகள் ராகமாகச் சொன்னார்கள்: "வணக்கம் அகார் சார்!"

எனக்குப் பின்னால் என் வகுப்பு மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தது. அடுத்த நாள் கழிவறைச் சுவரில் 'அகார் சார்' என்று பென்சிலால் எழுதியிருந்தார்கள். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியிருந்தார்கள், அதுதான் வயிற்றெரிச்சல். அன்று முடிவு செய்தேன். அந்த மண்டபத்தில், அந்தக் கூட்டத்தின் முன்னால், இவனை ஒருமுறையாவது நடுங்கவைக்க வேண்டும்.

பிள்ளைகள் தங்கள் வேலையைச் செய்தார்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீர் போத்தலின் கழுத்தை அறுத்து, அதையே கவிழ்த்துப் புனலாக வைத்து, பக்கத்தில் அளவுகோலை ஒட்டி மழைமானி செய்தார்கள். தினம் ஒருமுறை அளந்து, எழுதி, தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். வாரக் கடைசியில் இரு பள்ளிகளும் அட்டவணையைப் பரிமாறிக்கொள்ளும். நான் பிரிக்பீல்ட்ஸ் அட்டவணையைக் கறிக்கடையில் எலும்பைப் புரட்டுவது மாதிரி புரட்டிப் பார்ப்பேன், எங்கேயாவது அழுகல் இருக்குமா என்று.

மூன்றாம் வாரம் அவனே போன் பண்ணினான்.

"டேய் அகார், கவனிச்சியா? கிள்ளான்ல பெய்யுற மழை மறுநாள் எங்க ஊருக்கு வருதுடா. உங்களுக்குத் திங்கள்னா எங்களுக்குச் செவ்வா. உங்களுக்கு வியாழன்னா எங்களுக்கு வெள்ளி. பெரும்பாலும் தவறல. கடல் பக்கத்துலேருந்து நகர்ந்து வருது பாரு! இதான் நம்ம கண்டுபிடிப்பு. பேனர் அடிக்கக் குடுத்துட்டேன்."

"நம்ம" என்றானே தவிர, மண்டபத்தில் அதை அறிவிக்கப்போவது தான் மட்டும்தான் என்றும் சொன்னான். "நீ மேடையில ஏறினா ஆடுவ. எதுக்கு வம்பு, விடு லா."

போனை வைத்ததும் அட்டவணையை எடுத்தேன். கோபம் வந்தால் எனக்குக் கண் கூர்மையாகிவிடும். இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை, பிரிக்பீல்ட்ஸ் மழை: பூஜ்யம்.

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் நான் பிரிக்பீல்ட்ஸில்தான் இருந்தேன். நாலு மணிக்கு வானம் கிழிந்து கொட்டியது. கடைகளின் முன்னால் கூரைக்கடியில் ஒண்டி நின்றுகொண்டு, ரயிலுக்குப் போக முடியவில்லை என்று மனைவிக்குக் காட்ட என்னையே படம் எடுத்து அனுப்பினேன். படம் இன்னும் போனில் இருந்தது. எனக்குப் பின்னால் ரோட்டில் மோட்டார் சைக்கிளின் பாதிச் சக்கரம் வரை வெள்ளம். கீழே தேதி, மணி எல்லாம் பதிந்திருந்தது. அப்புறம் எப்படிப் பூஜ்யம்? இவன் அளக்கவே இல்லை, உட்கார்ந்த இடத்தில் எண்களை எழுதியிருக்கிறான்! மாட்டினான்.

என் மனைவியிடம் படத்தைக் காட்டினேன்.

"இதுல ஏங்க இப்படிப் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள்.

"என் பல்லப் பாக்காத, மழையப் பாரு."

நிகழ்ச்சியன்று காலை ஐந்து முறை கழிவறைக்குப் போனேன். பேச வேண்டிய நாலு வரியை உள்ளங்கையில் எழுதி, அது வியர்வையில் அழியவே, புறங்கையில் எழுதினேன். கிள்ளானிலிருந்து மாணவர்கள் பேருந்தில் வந்தார்கள். நான் முன் இருக்கையில் தைலப் புட்டியை மூக்கில் வைத்தபடி வந்தேன். பக்கத்து இருக்கையில் எங்கள் தலைமையாசிரியை.

"என்ன சார், உடம்பு சரியில்லையா?"

"கொஞ்சம் காத்து பிடிச்சிருச்சு டீச்சர்."

பழிவாங்கப் போகிறவன் புலி மாதிரி போவான் என்று நினைத்திருந்தேன். நான் ஊசி போட்டுக்கொள்ளப் போகிற பிள்ளை மாதிரி போனேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் கல்வி அலுவலகத்து அதிகாரி. மேடைக்குப் பின்னால் பேனர்: 'கிள்ளானில் இன்று மழை, பிரிக்பீல்ட்ஸில் நாளை மழை'. அவன் கையில் சிவப்புப் புள்ளி அடிக்கும் விளக்கோடு நின்று, திரைக்குப் பக்கத்தில் பிள்ளைகள் காகிதத்தில் வெட்டி ஒட்டியிருந்த இரு ஊர்களின் பட்டை வரைபடத்தைக் காட்டினான். நன்றாகவே பேசினான். புள்ளி ஆணி அடித்த மாதிரி நின்றது. கைதட்டினார்கள். "கேள்வி ஏதும் உண்டா?" என்று அதிகாரி சம்பிரதாயத்துக்குக் கேட்டார்.

நான் கையைத் தூக்கினேன். அது தானாக ஆடியது. பரவாயில்லை என்று தூக்கியே வைத்திருந்தேன். மேடையேறி, என் போனைத் திரையில் இணைக்கச் சொன்னேன்.

"இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை பிரிக்பீல்ட்ஸில் மழை பூஜ்யம் என்று எழுதியிருக்கிறார்கள்," என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "இதோ, அன்று நாலே கால் மணிக்கு பிரிக்பீல்ட்ஸ்!"

திரை முழுக்க நான். ஆறடி உயரம், எட்டடி அகலம். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. வலது கையில் கடித்த பருப்பு வடை, கக்கத்தில் தையல்கடைப் பை. மண்டபம் சிரித்தது. சிரிப்புக்கு நடுவில், மூன்றாவது வரிசையிலிருந்து, சிரிக்காத ஒரு குரல் வந்தது.

"அன்னிக்கு நீங்க எம்.சி.யிலதானே சார் இருந்தீங்க?"

எங்கள் தலைமையாசிரியை.

எம்.சி. என்றால் மருத்துவர் தரும் விடுப்புச் சீட்டு. வயிற்றுப்போக்கு என்று வாங்கியிருந்தேன். மனைவியின் ரவிக்கையைத் தையல்கடையிலிருந்து அன்றைக்கு எடுத்தே ஆக வேண்டியிருந்தது. இத்தனை நாளும் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி வெள்ளத்தைப் பார்த்தேன், சக்கரத்தைப் பார்த்தேன், தேதியைப் பார்த்தேன். அந்தத் தேதியில் நான் எங்கே இருந்திருக்க வேண்டும் என்பது மட்டும் ஒருமுறைகூட மனதில் வரவில்லை.

"வயித்துப்போக்குக்கு வடையா சார்?" என்றார் தலைமையாசிரியை.

அவன் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொன்னான், எல்லோருக்கும் கேட்கும்படி: "அகார், போய் உக்காருடா."

நான் உட்கார்ந்திருப்பேன். ஆனால் அப்போது மேடையின் ஓரத்தில் பிரிக்பீல்ட்ஸ் பள்ளி மாணவி ஒருத்தி எழுந்தாள். இரட்டைச் சடை, கண்ணாடி. அட்டவணையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். அவள் உதடு துடித்துக்கொண்டிருந்தது. தினம் அளந்து எழுதியவள் அவள்தான் என்று பார்த்ததும் புரிந்தது. நான் கல்லை எறிந்தது அவன் மேல். பட்டது இவள் மேல்.

"சார், நாங்க பொய் எழுதல. நாங்க காலையில எட்டு மணிக்கு அளப்போம். செவ்வாக்கிழமை காலையில போத்தல்ல ஒண்ணுமே இல்ல. சாயங்காலம் பேஞ்ச மழை புதன்கிழமை காலையிலதான் இருந்துச்சு. புதன்கிழமையப் பாருங்க சார், நாப்பத்திரண்டு மில்லிமீட்டர்."

பார்த்தேன். இருந்தது. அடுத்த வரியைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். ஒருநாளின் அளவில் முந்தின நாள் மழையும் சேர்ந்திருக்கும் என்று போன பள்ளித் தவணையில்தான் நானே பாடம் நடத்தியிருந்தேன். கேள்வித்தாளிலும் கேட்டிருந்தேன். எதிரியைப் பிடிக்கிற அவசரத்தில் பாடம் மறந்துபோயிற்று.

"மன்னிச்சிக்கமா," என்றேன் அவளிடம். "நீ சரி. நான்தான் தப்பு." அதை நடுக்கம் இல்லாமல் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

இத்தோடு முடிந்திருக்கும். என் வகுப்புப் பையன் ஒருவன், எப்போதும் கேள்வி கேட்டு உயிரை எடுப்பவன், உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினான்:

"சார்! நாங்க சாயங்காலம் ஆறு மணிக்குல்ல அளந்தோம்!"

எங்கள் ஐந்தாம் ஆண்டுக்குப் பள்ளி பிற்பகலில்தான். வீட்டுக்குக் கிளம்பும் முன் அளப்பார்கள். நாலு மணி மழை அன்றைய கணக்கிலேயே ஏறிவிடும்.

"அப்ப செவ்வாக்கிழமை மழைய நாங்க செவ்வாயில போட்டோம், அவங்க புதன்ல போட்டாங்க. மழை ரெண்டு ஊர்லயும் ஒரே நாள்தான் சார் பேஞ்சிருக்கு. நகரவே இல்ல."

அந்த வார்த்தை மண்டபத்தைச் சுற்றி வர ஒரு நொடி ஆயிற்று. பிறகு எல்லாத் தலைகளும் பேனரை நோக்கித் திரும்பின. நானும் திரும்பினேன், ஆனால் பேனரைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தேன்.

அதிகாரி கேட்டார்: "சார், ரெண்டு பள்ளியும் ஒரே நேரத்துல அளக்கணும்னு நீங்க பேசி வைக்கலையா?"

அவன் வரைபடத்தைச் சுட்டிக்காட்டி ஏதோ விளக்க வந்தான். சிவப்புப் புள்ளி செவ்வாய்க்குப் போயிற்று, வியாழனுக்குத் தாவிற்று, திரையில் என் வடையின் மேல் ஏறிற்று, கூரைக்குப் போயிற்று. விளக்கை இரண்டு கையாலும் பிடித்தான். புள்ளி இன்னும் வேகமாக ஆடியது. முன்வரிசையில் ஒரு குழந்தை அதைப் பிடிக்கக் கையை நீட்டியது.

பேசி வைக்காத தப்பில் பாதி என்னுடையது. தலைமையாசிரியை என்னை என்ன செய்யப்போகிறார் என்று தெரியாது, என் சட்டை முதுகு நனைந்திருந்தது. இருந்தாலும் அந்தப் புள்ளி ஆடுவதைக் கண் கொட்டாமல் பார்த்தேன். அவ்வளவு அழகான எதையும் நான் அண்மையில் பார்த்ததில்லை.

பிள்ளைகள் எங்களைவிட உருப்படியானவர்கள். அந்த இரட்டைச் சடையும் என் வகுப்புப் பையனும் தரையில் உட்கார்ந்து, பிரிக்பீல்ட்ஸ் பட்டைகளைக் கத்தரித்து ஒரு நாள் முன்னால் தள்ளி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒட்டியதும் பெரும்பாலான நாள் இரு ஊரும் பொருந்தியது. மீதி நாட்களில் ஓர் ஊர் நனைந்து இன்னோர் ஊர் காய்ந்தது. அது ஏன் என்று அவர்களுக்குள் சண்டை வந்தது. அதிகாரிக்கு அந்தச் சண்டை பிடித்துவிட்டது. சுற்றுலா உண்டு, ஆனால் இன்னொரு மாதம், இரு பள்ளியிலும் காலை எட்டு மணிக்கு அளந்து, திரும்பக் காட்ட வேண்டும் என்றார்.

"எட்டு மணிக்கு எங்க பிள்ளைங்க ஸ்கூல்ல இருக்க மாட்டாங்களே," என்றேன்.

"நீங்க இருப்பீங்க சார்," என்றார் தலைமையாசிரியை. "வயிறுதான் இப்ப நல்லா இருக்கே." விடுப்பு விவகாரத்துக்கு அவர் என்னிடம் ஒரு விளக்கக் கடிதமும் எழுதி வாங்கிக்கொண்டார்.

இன்னொரு நிபந்தனையை அதிகாரியிடம் நானே போய்க் கேட்டு வாங்கினேன். இரு ஆசிரியர்களும் எட்டு மணிக்கு மழைமானிக்குப் பக்கத்தில் நின்று, ஒருவருக்கொருவர் வீடியோவில் காட்டி, உறுதி செய்துகொள்ள வேண்டும். அறிவியல் துல்லியத்துக்காக என்று சொன்னேன். அவன் இதுவரை போத்தலைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, ஒன்பது மணிப் பாடத்துக்கு வருகிறவன் என்பது எனக்குத் தெரியும்.

முதல் நாள் காலை ஏழு ஐம்பத்தைந்துக்கு அழைத்தேன். எடுத்தான். சாயம் அடிக்காத வேர் வெள்ளையாகத் தெரிந்தது.

"மழை இல்லடா. பூஜ்யம்," என்றான்.

"எனக்குத் தெரியல. போத்தலக் கிட்ட காட்டு. இன்னும் கிட்ட. குனிஞ்சு காட்டு."

"டேய், வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பினா போதாதாடா?"

"போதாது."

"எதுக்குடா இப்படி உயிரை வாங்குற?"

"முதல்ல என் பேரைச் சொல்லிக் கூப்பிடு. அப்புறம் பேசலாம்."

போத்தலைக் கீழே வைத்தான். பிறகு என் பெயரைச் சொன்னான். பிரிக்பீல்ட்ஸ் ரயில் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.